செல் சவ்வு லிப்பிடுகளும் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறையும்

செல் சவ்வு லிப்பிடுகள் என்பவை செல்லைச் சூழ்ந்துள்ள மெல்லிய படலத்தின் அடிப்படையாக அமையும் கொழுப்புவகைப் பொருள்கள். இவை பாஸ்போலிப்பிடுகள், கிளைக்கோலிப்பிடுகள், ஸ்டீரால்கள் என மூன்று பெரும் வகைப்படும். இவற்றை அளந்தறிந்த வரலாற்றில், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவுக்கு (1895–1948) முக்கிய இடம் உண்டு.

அமைப்பு

பாஸ்போலிப்பிடு மூலக்கூறில் நீரை நாடும் தலையும் நீரை விலக்கும் இரண்டு வால்களும் உள்ளன. தலையில் பாஸ்பேட் இருக்கும். வால்கள் நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகள். முட்டை மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் இவ்வகையைச் சேர்ந்தது. கிளைக்கோலிப்பிடின் தலையில் சர்க்கரை இருக்கும். விலங்குச் செல்களின் ஸ்டீராலான கொலஸ்டிரால், வால்களின் இடையே செருகி நின்று சவ்வின் இளகுதன்மையைச் சீராக்குகிறது.

1925ஆம் ஆண்டு

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் கோர்ட்டரும் கிரெண்டெலும் சிவப்பணுக்களின் லிப்பிடை அசிட்டோனால் பிரித்து நீர்மேல் பரப்பினர். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவோ உட்சவ்வுகளோ இல்லாததால், கிடைத்த லிப்பிடு முழுவதும் வெளிச்சவ்வினுடையதே. அதன் பரப்பு, செல்களின் பரப்பைப் போல் இருமடங்காக இருந்தது. எனவே சவ்வு ஈரடுக்கு என்று அறிவித்தனர். லிப்பிடு முழுமையாகப் பிரியவில்லை. செல்லின் பரப்பும் குறைவாகவே கணிக்கப்பட்டிருந்தது. இவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் முடிவு சரியாக அமைந்தது.

அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டனர். பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். கதராடை அணிந்ததால் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார்.

அளவிடும் முறை

அமிலக் கரைசலில் பாஸ்பேட்டுடன் அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்து ஒடுக்கினால் நீல நிறம் தோன்றும். நிறத்தின் செறிவு பாஸ்பரஸின் அளவைக் காட்டும். லிப்பிடை முதலில் அமிலத்தில் சூடாக்கிச் சிதைத்துப் பாஸ்பேட்டை விடுவிக்க வேண்டும். 1959இல் பார்ட்லெட் இம்முறையைப் பாஸ்போலிப்பிடு ஆய்வுக்கு ஏற்பத் திருத்தினார்.

பெரும்பாலான பாஸ்போலிப்பிடுகளில் மூலக்கூறுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு மட்டுமே உண்டு. ஆகவே பாஸ்பரஸை அளப்பது மூலக்கூறுகளை எண்ணுவதற்கு ஒப்பாகும். மைட்டோகாண்டிரியாவின் கார்டியோலிப்பினில் இரண்டு அணுக்கள் உள்ளதால் கணக்கைத் திருத்த வேண்டும். கொலஸ்டிராலில் பாஸ்பரஸ் இல்லை. அதற்கு வேறு முறை தேவை. மருந்தேற்றும் லிப்போசோம்களில் பாஸ்போலிப்பிடின் அளவை அறிய, இந்த நீல நிறச் சோதனை இன்றும் பயன்படுகிறது.