நெடுந்தூர ஓட்டம்: ஒரு வரலாற்று நோக்கு

புத்தளம் என்றதும் உப்பளமும் தென்னந்தோட்டமும் கண்முன் தோன்றுமேயன்றி, ஓட்டக்கலை எவர் நினைவிலும் வருவதில்லை. ஆயினும் அக்கலையின் பழைய சான்றுகளைத் தேடப் புகுந்தபோது எமக்கு முதலில் அகப்பட்டவர் இக்கரையில் வந்திறங்கிய ஒருவரே. மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பத்தூத்தா 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து பாண்டிநாட்டுக் கரையை நோக்கிப் புறப்பட்டு, காற்றினால் திசைமாறி இலங்கையை அடைந்தார். தாம் இறங்கிய துறையை அவர் ‘பட்டாலா’ என்று எழுதிவைத்தார். அது புத்தளமே என்பது அறிஞர் பலரின் முடிபு. ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து, சிவனொளிபாதமலை சென்றுவரப் பல்லக்கும், துணைக்கு யோகியர் நால்வரும் பிராமணர் மூவரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்தனுப்பினான். பல்லக்கில் ஏறிச் சென்றவரை ஓட்டத்துக்குச் சான்றாக அழைப்பதா என்று எம் இளைஞர் நகைக்கலாம். சற்றுப் பொறுக்க வேண்டும்.

இலங்கைக்கு வருமுன் அவர் டில்லிச் சுல்தானின் நாட்டில் பல்லாண்டு வாழ்ந்தவர். அங்கே கண்ட தபால் முறையை அவர் விரிவாக வருணித்திருக்கிறார். குதிரைத் தபால் ஒன்று. காலாள் தபால் மற்றொன்று. மைலின் மூன்றிலொரு பங்குக்கு ஒரு நிலையம்; அங்கே கச்சை கட்டிய ஆட்கள் ஆயத்தமாக அமர்ந்திருப்பர். ஒருவன் ஒரு கையில் கடிதமும் மறுகையில் செப்புமணி கட்டிய கோலுமாக ஓடிவருவான். மணியோசை கேட்டதும் அடுத்தவன் எழுந்து நின்று கடிதத்தை வாங்கிக்கொண்டு பறப்பான். இந்தக் காலாள் தபால் குதிரைத் தபாலிலும் விரைவானது என்கிறார் அவர். கங்கை நீர்கூட இவ்வாறே சுல்தானுக்குத் தொலைதூரம் கொண்டுசெல்லப்பட்டதாம்.

எமது கரையிலும் இவ்வழக்கம் இருந்ததே. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும், கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வழியாக மன்னார்ப் பக்கம் கடிதப் பைகள் மனிதர் தோளிலேயே சென்றன. புகையிரதம் புத்தளத்தை எட்டியது 1926இல்தான். இன்று பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் தடியைக் கைமாற்றி நால்வர் ஓடுவதை ‘அஞ்சலோட்டம்’ என்கிறோம். அச்சொல்லுக்குள் அந்தத் தபாற்காரர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

மனிதன் குதிரையை வென்றதன் இரகசியம் யாது? ஒவ்வொருவனும் ஓடியது சிறுதூரம். ஓடிமுடித்ததும் அவனுக்கு ஓய்வு. நெடுந்தூரத்தைத் துண்டுகளாக்கியதனால் வேகம் கிடைத்தது. ஆனால் தூரம் முழுவதையும் ஒருவனே ஓட நேர்ந்தால் என்செய்வது? இக்கேள்விக்கு உலகம் விடைகண்ட கதையே இக்கட்டுரையின் பொருள். அதை இங்கு எழுதத் தூண்டியது எமது சொந்த அவமானம் ஒன்று. அதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம்.

எமக்குப் பத்தொன்பது வயதிருக்கும். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் மரதன் ஓட்டம் வைத்தார்கள். பெயர்தான் மரதன், தூரம் ஐந்து கட்டை. ஒருவாரம் மாலைவேளையில் மூச்சுமுட்ட ஓடிப் பழகிவிட்டு, வெற்றி எமதே என்று போய் நின்றோம். வெடி கேட்டதும் பாய்ந்தோம். முதற் கட்டையில் எமக்கு முன்னே எவரும் இல்லை. மூன்றாம் கட்டையில் ஒரு தென்னந்தோட்டத்து வேலியோரம் வாந்தியெடுத்துக் குந்திவிட்டோம். தொடக்கத்தில் கடைசியாக வந்துகொண்டிருந்த கரைவலைக்காரர் ஒருவர், நாற்பது வயதைக் கடந்தவர், அதே சீரான அடியுடன் எம்மைக் கடந்தார். கடக்கும்போது, “தம்பி, எழும்பி நட. குந்தியிருந்தால் கால் விறைச்சுப் போயிடும்” என்று சொல்லிவிட்டே போனார். ஓடிக்கொண்டே பேச அவருக்கு மூச்சு இருந்தது! அதுதான் எமக்குத் தோல்வியினும் பெரிய வியப்பாக இருந்தது.

அந்த மூச்சு எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னர் நூல்களில் தேடினோம். முதலிற் கிடைத்தவர் செக்கோசிலோவாக்கிய வீரர் எமில் சற்றோப்பெக். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலைசெய்த இவர், பதினெட்டு வயதில், விருப்பமின்றியே தொழிற்சாலை ஓட்டப்போட்டி ஒன்றில் நிறுத்தப்பட்டவர். 400 மீற்றரை விரைந்தோடி, 200 மீற்றரை மெல்ல ஓடி, மறுபடி 400 மீற்றர் என்று ஒரே நாளில் இருபது தடவை ஓடுவார். பிற்காலத்தில் நாற்பதும் அதற்கு மேலும். டில்லித் தபாற்காரர் அனைவரையும் தம் ஒருவர் உடம்பிலேயே குடியேற்றிவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. 1948இல் இலண்டனில் 10,000 மீற்றரிலும், 1952இல் ஹெல்சிங்கியில் 5,000, 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அம்மரதனே அவர் ஓடிய முதல் மரதன். ஜேர்மனியில் கெர்ஷ்லர் என்ற பயிற்றுநரும் றைன்டெல் என்ற இருதய வைத்தியரும் இம்முறைக்கு அளவு வகுத்தனர்: நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180ஐ அடையும்படி ஓடுதல், 120க்கு இறங்கியபின் மீண்டும் ஓடுதல்.

இதைப் படித்ததும் நாமும் இருபது தடவை ஓடத் தொடங்கினோம். இரண்டாம் வாரம் முடியுமுன் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலியெடுத்து, ஒருமாதம் நொண்டினோம். கோபுரத்தைப் பார்த்து ஆசைப்பட்டோமேயன்றி அத்திவாரத்தைப் பார்க்கவில்லை.

அத்திவாரத்தைக் காட்டியவர் நியூசிலாந்தின் ஆதர் லிடியாட். இவரும் சப்பாத்துத் தொழிற்சாலைக்காரரே என்பது ஒரு வேடிக்கை. கூட ஓடிய ஒருவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் இளைத்துப்போன பின்னரே தம் உடல்நிலையை உணர்ந்தார். கற்பிப்பார் எவரும் இல்லாமல் தம் உடலையே பரிசோதனைச்சாலையாக்கி, ஆண்டுக்கணக்கில் கூட்டியும் குறைத்தும் ஓடிப் பார்த்து, வாரத்துக்கு ஏறத்தாழ 100 மைல், அதுவும் மூச்சு வாங்காத வேகத்தில், என்ற அளவுக்கு வந்தார். அயல்வீட்டு இளைஞர் சிலர் அவருடன் சேர்ந்தனர். 800 மீற்றர் ஓடும் பீற்றர் சினெல்லையும் அவர் 22 மைல் மலைப்பாதையில் ஓடவைத்தபோது பலர் சிரித்தனர். இரண்டு நிமிட ஓட்டத்துக்கு இரண்டரை மணிநேரப் பயிற்சியா? 1960 செப்டெம்பர் 2ஆம் திகதி உரோமாபுரியில் அச்சிரிப்பு அடங்கிற்று. ஒரே பிற்பகலில் சினெல் 800 மீற்றரிலும், மரே ஹால்பேர்க் 5,000 மீற்றரிலும் தங்கம் பெற்றனர். சினெல் 1964இல் தோக்கியோவில் 800, 1,500 இரண்டையும் வென்றார்.

லிடியாட்டின் முறையில் வரிசையே உயிர். முதலில் பல வாரம் மெதுவான நீண்ட ஓட்டம். பின்னர் மேட்டில் ஏறுதல். அதன் பின்னரே வேகம். இதன் காரணத்தை இன்றைய உடற்றொழிலியல் தெளிவாகக் கூறுகிறது. மெதுவாக நெடுநேரம் ஓடும்போது இருதயம் ஒரு துடிப்பில் தள்ளும் குருதியின் அளவு கூடுகிறது. தசைகளில் நுண்குழாய்கள் பெருகுகின்றன. ஒட்சிசனைக் கொண்டு சக்தி பிறப்பிக்கும் இழைமணிகள் தொகையிலும் திறனிலும் வளர்கின்றன. இவற்றுட் சில, வாரக்கணக்கில் நிகழ்பவை. எலும்பும் தசைநாணும் இன்னும் தாமதமாகவே வலுப்பெறும். மூச்சு பழகிவிட்டதே என்று வேகத்தைக் கூட்டுபவனுக்கு முன்னெலும்பு வலிப்பது இதனாற்றான். நாம் கண்ட கரைவலைக்காரர் லிடியாட்டின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். ஆனால் சிறுவயது முதல் விடியற்புறத்தில் மணலிற் கால்புதைய மணிக்கணக்கில் கயிறிழுத்தவர். அத்திவாரம் அவருக்குத் தொழிலாலேயே அமைந்துவிட்டது.

பெரியோர் கவனிக்க வேண்டிய செய்தியும் லிடியாட்டிடம் உண்டு. 1962இல் ஓக்லன்ட் நகரில் நடுவயதினருக்காக மெல்லோட்டச் சங்கம் ஒன்று தோன்ற அவர் காரணரானார். இருதய நோயிலிருந்து மீண்டவர்களும் அதிற் சேர்ந்து, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடினர். அக்காலத்தில் அத்தகைய நோயாளரைப் படுக்கையை விட்டு எழவிடாதிருப்பதே வைத்தியமுறை என்பதை நினைத்தால் இதன் துணிவு விளங்கும். அவ்வாண்டு அங்கே சென்ற அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவர்மன் தம்மிலும் முதிர்ந்த ஒருவருடன் ஓடமுடியாமல் வெட்கினார். ஊர் திரும்பி, 1967இல் வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து மெல்லோட்டம் பற்றி நூலெழுதினார். பதக்கத்தை விரும்பாத சாதாரண மனிதர் தெருவில் ஓடும் வழக்கம் உலகெங்கும் பரவியதில் இவ்விருவர்க்கும் பெரும்பங்குண்டு. எமது நாட்டிலும் முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தபவன், எழுபது வயதைக் கடந்த நிலையில், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியிற் பங்குபற்றித் தங்கப் பதக்கங்களுடன் திரும்பியதைப் பத்திரிகைகளிற் படித்தோம்.

சினெல் இருமுறை வென்ற அதே தோக்கியோவில் எம் நாட்டவர் ஒருவர் கடைசியாக வந்தார். இராணுவவீரர் கருணானந்த, 67ஆம் இலக்கம் அணிந்து 10,000 மீற்றரில் ஓடினார். அமெரிக்கர் பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 செக்கனில் முடித்தார். மற்றவரும் முடித்துச் சென்றபின் கருணானந்த தன்னந்தனியே சுற்றிவந்தார். முதலிற் சிரித்த கூட்டம் பின்னர் எழுந்து கைதட்டிற்று. யப்பானியப் பாடநூலிலும் அக்கதை இடம்பெற்றது. அவரது மனவுறுதியைப் புகழ்வோர் அவர் எடுத்த நேரத்தைச் சொல்வதில்லை: 34 நிமிடம் 21.2 செக்கன். 25 சுற்றுக்களையும் சராசரி 82 செக்கனுக்கு ஒன்றாக ஓடினார் என்பது கணக்கு. எம் கரையோரப் புத்தாண்டு ஓட்டங்களில் முதலிடம் பெறுவோருள் எத்தனை பேர் அந்த வேகத்தை அரைமணிநேரம் தாங்குவர்? மனவுறுதி மட்டும் போதுமாயின் நாமும் அன்று வேலியோரம் குந்தியிருக்கமாட்டோம்.

இனி எமது மண்ணுக்கு வருவோம். அவுஸ்திரேலியப் பயிற்றுநர் பேர்சி செருட்டி, நாற்பது வயதைக் கடந்தபின் நோயால் நலிந்து, தம் முயற்சியால் மீண்டவர். போட்சீ என்னும் கடலோர ஊரில் மணற்குன்றுகளில் ஏறி ஓடவைத்தே தம் மாணாக்கரைப் பழக்கினார். அவர்களுள் ஹேர்ப் எலியட் 1960இல் 1,500 மீற்றரை 3 நிமிடம் 35.6 செக்கனில் ஓடி உலக சாதனையுடன் தங்கம் பெற்றார். கற்பிட்டிக் குடாநாட்டில் மணற்குன்றுகளைக் கண்டு வளர்ந்த எமக்கு இது புதுமையன்று. அவற்றை ஏறிப் பயன்கொள்ளவில்லை, அவ்வளவே. ஒரு சிறு எச்சரிக்கை: கடற்கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒருபக்கமாகவே ஓடினால் ஒருகால் எப்போதும் பள்ளத்திலிருக்கும், இடுப்பும் முழங்காலும் நோகும். போன தூரம் திரும்பி வருவதே நலம். 1960இல் அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடி மரதன் வென்றார் என்று சொல்லிச் சப்பாத்தைக் கழற்றுவோர், எமது கரையிற் கிடக்கும் போத்தற் துண்டுகளை முதலிற் பார்க்கட்டும்.

வெய்யிலைப் பற்றி விளையாட்டாகப் பேச மனம் வரவில்லை. 2024 மார்ச்சில் கிழக்கிலங்கையின் திருக்கோவிலில் மரதன் ஓட்டத்திற் பங்குபற்றிய பாடசாலை மாணவர் ஒருவர் மயங்கி வீழ்ந்து உயிரிழந்த செய்தி நாட்டையே உலுக்கியது. எமது புத்தாண்டு ஓட்டமும் அதே கோடைக்காலத்தில்தான் வருகிறது. சித்திரை பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னர் நண்பகலிற் சூரியன் புத்தளத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது. சோளகம் இன்னும் எழுந்திராது. கடலோர ஈரக்காற்றில் வியர்வை உலராது. வியர்வை உலராவிடில் உடல் குளிராது. உடல் வெப்பத்துக்குப் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். ஓடும்போது தண்ணீர் குடிப்பது பலவீனம் என்று எம் காலத்திற் கற்பித்தனர், அது தவறு. தாகத்துக்கு மிஞ்சிக் குடமாகக் குடிப்பதும் குருதியின் உப்பைக் குறைத்து ஆபத்தாகும். தலைசுற்றல், குளிர் நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் கண்டால் உடனே நிறுத்தி, நிழலிற் கிடத்தி, உடல்முழுவதும் தண்ணீர் ஊற்றி, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றுவதே முதல்வேலை. வாகனம் தேடுவது அதன்பின்.

ஆகவே ஒருவாரப் பயிற்சி என்ற பழைய வழக்கத்தை விட்டுத் தைப்பொங்கலோடு தொடங்குவோம். சித்திரைக்குள் பன்னிரண்டு வாரத்துக்கு மேல் கிடைக்கும். முதல் நான்கு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் அரைமணிநேரம், இடையிடையே நடந்து, பக்கத்தில் வருபவருடன் பேசக்கூடிய வேகத்தில் ஓடுதல் போதும். பேச்சு முறிந்தால் வேகம் மிகுதி. பின்னர் வாரத்தில் ஒருநாளை மட்டும் பத்துப் பத்து நிமிடமாக நீட்டி ஒன்றேகால் மணிவரை கொண்டுபோகலாம். ஒன்பதாம் வாரத்துக்குப் பின்னரே வேகம்: வாரத்தில் ஒரேயொரு நாள், ஒரு தந்திக் கம்பத்திலிருந்து மறுகம்பம்வரை விரைந்தும், அடுத்த கம்பம்வரை மெல்லவும், ஆறேழு தடவை. சுவீடன் நாட்டார் காட்டுப்பாதையிற் செய்ததும் இதுவே. கடைசி வாரம் பாதியாகக் குறைத்து ஓய்வெடுக்க வேண்டும். நெஞ்சுவலி, சலரோகம், இரத்த அழுத்தம் உள்ள பெரியோர் வைத்தியரைக் கேட்டபின் விரைநடையிலிருந்து தொடங்கலாம்.

விழா அமைப்போருக்கு ஒரு வேண்டுகோள். சூரியோதயம் ஏறத்தாழ ஆறுமணிக்கு. பிரமுகர் வருகைக்காகக் காத்திராமல், ஐந்தரைக்கே வெடி போடுங்கள். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு வாளி தண்ணீரும், மூன்றாம் கட்டையில் இரண்டு வாளியும் இருக்கட்டும். அந்த வேலியோரம் எமக்கு நன்றாகத் தெரியும்; வாளியுடன் நாமே அங்கு நிற்கிறோம்.