ஈப்போ வெயிலில் காலிபிளவர் பூக்குமா? விதை வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா வட்டாரங்களில் வீட்டுத் தோட்டம் போடும் பலருக்குக் காலிபிளவர் ஓர் ஏமாற்றப் பயிர். கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் நன்றாக வரும் அதே மண்ணில், காலிபிளவர் மூன்று மாதம் இலையாகவே வளர்ந்து நிற்கும். பூ மட்டும் வராது. உரத்தைக் கூட்டினாலும் பயன் இருக்காது. பெரும்பாலும் தவறு பராமரிப்பில் இல்லை, தேர்ந்தெடுத்த ரகத்தில்தான் இருக்கிறது.

காரணம் வெப்பநிலை

காலிபிளவர் செடி பூக்கட்டத் தொடங்குவதற்குக் குளிர்ச்சி வேண்டும். எவ்வளவு குளிர்ச்சி என்பது ரகத்துக்கு ரகம் மாறும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்னோபால் வகைகளுக்கு 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் தேவை. ஈப்போவில் பகலில் 32, 33 டிகிரி. இரவில்கூட ஏறத்தாழ 23 டிகிரி அளவுக்குத்தான் இறங்கும். சிம்பாங் பூலாய் சாலையில் ஏறிப் போனால் வரும் கேமரன் மலை 1,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே காலிபிளவர் எளிதாக விளைகிறது. ஆகவே, கேமரன் விவசாயிக்குக் கைகொடுக்கும் விதை நம் தாமான் வீட்டுக்கோ பழைய தோட்டப்புற நிலத்துக்கோ பொருந்தாமல் போகலாம்.

வெயில் தாங்கும் ரகங்கள்

காலிபிளவர் 1822ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து இந்தியாவின் சஹரன்பூர் தாவரப் பூங்காவுக்கு வந்தது. வட இந்தியச் சமவெளியின் வெப்பத்துக்குப் பழகிப் பழகி, அங்கே புதிய வகைகள் உருவாயின. டில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ரகங்களுக்கு 'பூசா' என்று பெயர் தொடங்கும். ஆனால் எல்லாப் பூசாவும் ஒன்றல்ல.

பூசா மேக்னா: முன்பருவ ரகம். 20 டிகிரிக்கு மேலான வெப்பத்திலும் பூக்கட்டும், பூ சிறியது.

பூசா தீபாலி: அதற்கு அடுத்த பருவம். சற்றுக் கூடுதல் குளிர்ச்சி கேட்கும்.

பூசா ஸ்னோபால் கே-1: குளிர்கால ரகம். ஈப்போவுக்கு ஆகாது.

இந்தியாவிலிருந்து திரும்பும்போது விதையைப் பையில் போட்டுக் கொண்டுவருவது சிலரின் வழக்கம். இறக்குமதி அனுமதி இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது. அதிகாரிகள் பறிமுதல் செய்யலாம். உள்ளூர் விதைக்கடையில் தைவான், ஜப்பான் நிறுவனங்களின் வெப்பம் தாங்கும் கலப்பின விதைகளைக் கேட்பதே நல்லது. பச்சைத் தண்டும் நெருக்கம் குறைந்த பூவும் கொண்ட தைவான் வகைகளில் முன்பருவ ரகங்கள் முயன்று பார்க்கத் தக்கவை.

பாக்கெட்டில் எதைப் பார்ப்பது?

படத்தில் உள்ள பூவின் அளவைப் பார்க்காதீர்கள். நாள் கணக்கைப் பாருங்கள். நாற்று நட்டதிலிருந்து 45 முதல் 60 நாளில் அறுவடை என்று இருந்தால் அது முன்பருவ ரகம்; வெயிலைத் தாங்க வாய்ப்பு அதிகம். 80 நாளுக்கு மேல் என்றால் தவிர்த்துவிடுங்கள். 'வெப்பம் தாங்கும்', 'தாழ்நிலத்துக்கு ஏற்றது' என்ற குறிப்பும், காலாவதித் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கூம்புக் கூம்பாக இருக்கும் ரொமனெஸ்கோவுக்குக் குளிர் அவசியம், இங்கே வேண்டாம்.

நல்ல ரகத்துக்கும் இவை தேவை

பழைய ரப்பர் தோட்ட மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை கொண்டது. காலிபிளவருக்கு பி.எச். 6 முதல் 6.5 வரை வேண்டும். நடுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்துவிட வேண்டும். ஈய லம்பத்து மணல் நிலத்தில் மக்கிய எருவைத் தாராளமாகப் போட வேண்டும்.

முன்பருவ ரகத்தின் நாற்றை 25 முதல் 30 நாளுக்குள் நட்டுவிடுங்கள். நாற்று முற்றினால், தண்ணீர் குறைந்தால், பூ பொத்தான் அளவிலேயே நின்றுவிடும். நவம்பரில் உயர்ந்த பாத்தியில் நட்டால், டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இரவு சற்றுக் குளிர்ந்திருக்கும்போது பூக்கட்டும். மழைக்கு மேலே பிளாஸ்டிக் கூரை உதவும். பூ முட்டையளவு ஆனதும் உள் இலைகளை மடித்து மூடினால் மஞ்சளாகாது.

எதிர்பார்ப்பும் அளவாக இருக்கட்டும். பொருத்தமான ரகமே ஆனாலும் தாழ்நிலத்துப் பூ சந்தையில் கிடைக்கும் கேமரன் பூவைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். வெப்பம் கூடினால் பூவுக்குள் சிற்றிலைகளும் முளைக்கும். ஆகவே முதல் முறை பாத்தி முழுவதும் ஒரே ரகத்தை நட வேண்டாம். இரண்டு ரகங்களில் ஐந்தைந்து செடி நட்டு, நட்ட தேதியையும் பூத்த தேதியையும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு எந்தப் பாக்கெட்டை வாங்குவது என்பதற்கு உங்கள் தோட்டமே பதில் சொல்லிவிடும்.