மனித உரிமை மீறலுக்கு நீதிமன்ற இழப்பீடு (இந்தியா)

காவலரோ சிறை அதிகாரியோ படைவீரரோ ஒருவரின் அடிப்படை உரிமையைப் பறித்தால், அரசமைப்புச் சட்டத்தின் 32 அல்லது 226ஆம் உறுப்பின் கீழ் நீதிமன்றம் அரசைக் கொடுக்கவைக்கும் தொகை. 'இழப்பீடு' என்று இந்த உறுப்புகளில் எழுதப்படவில்லை. தீர்ப்புகளே இதை உருவாக்கின.

தொடக்ககாலத் தீர்ப்புகள் அரசுக்கே சாதகமாக இருந்தன. 1947இல் மீரட் காவலர்கள் ஒரு வணிகரிடமிருந்து கைப்பற்றிய தங்கத்தை எடுத்துக்கொண்டு தலைமைக் காவலர் ஒருவர் பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். இறையாண்மைப் பணியில் நேர்ந்த தவறுக்கு அரசு பொறுப்பல்ல என்று கஸ்தூரிலால் வழக்கில் (1965) உச்ச நீதிமன்றம் கைவிரித்தது.

திருப்பம் 1983இல் வந்தது. பீகாரின் ருதுல் சா 1968 ஜூனில் விடுதலைத் தீர்ப்பு பெற்றும் 1982 அக்டோபர் வரை சிறையிலேயே கிடந்தார். அவருக்கு மனநிலை சரியில்லை என்ற அரசின் விளக்கத்தைத் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் ஏற்கவில்லை. முன்பே கொடுத்த 5,000 ரூபாயோடு மேலும் 30,000 ரூபாய் தர உத்தரவிட்டார். பறிபோன 14 ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 2,500 ரூபாய்! ஆனால் இது இடைக்காலத் தொகைதான், தனியே வழக்குத் தொடுக்கலாம் என்றும் தீர்ப்பு சொன்னது. இவ்வகை இழப்பீட்டின் முதல் வழக்காகப் பெரும்பாலும் இதையே குறிப்பிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டு, படையினர் அழைத்துச் சென்றபின் காணாமற்போன இரு மணிப்பூர்க்காரர்களின் மனைவியருக்குத் தலா 1 லட்சம் ரூபாய். 1985இல், சட்டமன்றக் கூட்டத்துக்குப் போகவிடாமல் கைதுசெய்யப்பட்ட காஷ்மீர் உறுப்பினர் பீம் சிங்குக்கு 50,000.

ஒடிசாவின் நீலபதி பெஹரா வழக்கைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 1987 டிசம்பர் 1 அன்று ஜெராய்கேலா புறக்காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட அவரது 22 வயது மகன், மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு தப்பினார், ரயிலில் அடிபட்டார் என்றது காவல்துறை. காயங்கள் தடியடியால் ஏற்பட்டிருக்கலாம் என்றது மருத்துவச் சான்று. தாய் எழுதிய ஒரு கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. மகனின் வயது, மாத வருமானம் ஆகியவற்றைக் கணக்கிட்டு 1993இல் 1,50,000 ரூபாய் வழங்கியது. அடிப்படை உரிமை வழக்கில் இறையாண்மை விலக்கு செல்லாது என்று நீதிபதி ஜே.எஸ். வர்மா தெளிவாக எழுதினார். இதோடு கஸ்தூரிலால் தீர்ப்பு செத்துவிட்டதா என்பதில் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது வெளிப்படையாக ரத்துசெய்யப்படவில்லை.

பின்னர் தொகைகள் உயர்ந்தன. இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018இல் 50 லட்சம் ரூபாய் கிடைத்தது. 1992 வாச்சாத்தி வன்கொடுமையில் பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் மேல்முறையீட்டில் உத்தரவிட்டது. தொகையைக் கணக்கிட நிலையான சூத்திரம் இன்றும் கிடையாது.

சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு கோரும் உரிமையைத் தரும் பன்னாட்டு உடன்படிக்கைப் பிரிவுக்கு 1979இல் இந்தியா விலக்குக் கோரியது. அந்த விலக்கு பொருளிழந்துவிட்டது என்று டி.கே. பாசு வழக்கில் (1997) உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியா அதை இன்னும் முறைப்படி திரும்பப் பெறவில்லை.