வாங்கித் தா என்று சொல்ல வைத்தது யார்?

நடுவர் அவர்களே! எதிரணிச் சகோதரி ரஸ்னா பாப்பாவையும் காம்ப்ளான் பையனையும் மேடைக்கே கூட்டி வந்துவிட்டார்கள். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். உடனே கட்சி மாறிவிட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்! (சிரிப்பு)

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் பிறந்தது. விளம்பரம் இல்லாமல் பிறந்த பிள்ளை அது. 1976 ஜனவரி 1-ல்தான் தூர்தர்ஷனுக்குள் விளம்பரம் வந்தது. 1982-ல் வண்ணம். 1983-ல் மேகி இந்தியாவுக்கு வந்தது. அடுத்த வருஷம் 'ஹம் லோக்' தொடர். அதை வழங்கியதும் அதே மேகிதான்.

எங்கள் சைதாப்பேட்டைத் தெருவில் அப்போது ஒரே வீட்டில்தான் டி.வி. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க அந்தக் கூடத்துத் தரையில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். இந்தியில் ஓர் எழுத்துத் தெரியாது. நிர்மா பாட்டு முழுக்கத் தெரியும்! 1965-ல் வாசலில் நிறுத்திய இந்தி, சலவைத் தூளோடு கொல்லைப்புறமாக வந்துவிட்டது. தமிழ்ப் பேராசிரியன் நான், இன்றைக்கும் தப்பில்லாமல் பாடுவேன். சீவக சிந்தாமணியில் ஒரு பாட்டுக் கேட்டால் கொஞ்சம் யோசிக்கணும். (சிரிப்பு, கைதட்டல்)

அதுவரை பற்பொடிக்காரனும் பிஸ்கட்டுக்காரனும் அம்மாவிடம் பேசினார்கள். இவர்கள் அம்மாவைத் தாண்டிப் பிள்ளையிடம் பேசினார்கள். 5 ரூபாய்ப் பாக்கெட்டில் 32 டம்ளர் ரஸ்னா. ஒரு டம்ளர் 16 காசுகூட இல்லை. சர்க்கரை தனி, அது அம்மா கணக்கு! பிள்ளை கையில் காசு ஏது? அடம் பிடிக்கத்தான் தெரியும். ஆக, ஒவ்வொரு வீட்டிலும் சம்பளமில்லாத ஏஜென்ட் ஒருவனை நியமித்தாயிற்று.

அதுகூடப் போகட்டும். 'நான் காம்ப்ளான் பையன்' என்று திரையில் ஒரு பையன் நெஞ்சை நிமிர்த்துகிறான். கீழே கேழ்வரகுக் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன் எந்தப் பையன்? எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, தான் வேலை பார்த்த வீட்டில் கழித்துப் போட்ட ஒரு பானப்பொடி டின்னைக் கொண்டுவந்து உப்புப் போட்டு வைத்திருந்தார். அவர் மகன் தினம் அதை எடுத்து ஜன்னலில் வைப்பான், பேர் எழுதின பக்கம் தெருவைப் பார்க்கிற மாதிரி. அந்த அம்மா திரும்ப எடுத்து அடுப்படியில் வைப்பார். மறுநாள் பார்த்தால் மறுபடி ஜன்னலில் இருக்கும்.

கனடாவின் கியூபெக் மாகாணம் 1980-லேயே, 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறிவைக்கும் வணிக விளம்பரத்தைத் தடுத்துவிட்டது. வங்கதேசத்துக்காக எடுத்த ஹார்லிக்ஸ் விளம்பரம் ஒன்று பிரிட்டனில் ஒரு சேனலில் ஓடியது. குடித்தால் உயரம், வலு, கூர்மை என்றது. நிரூபணம் போதாது என்று அங்கே 2008-ல் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். லண்டன் பிள்ளைக்குச் செல்லாத நோட்டு டாக்கா பிள்ளைக்குச் செல்லுமா, நடுவர் அவர்களே?

இன்றைக்குச் செல்போனில் வருவதற்கு அது தேவலை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், அளவில் தேவலைதான். நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் வரும், டி.வி.யை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும். ஆனால் சொன்ன சொல்? நம் உணவுச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது. போர்ன்விட்டா போன்றவற்றை அந்தத் தலைப்பிலிருந்து எடுங்கள் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு சொன்னது 2024 ஏப்ரலில். அன்று தரையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அதற்குள் ஐம்பது வயது தாண்டிவிட்டது.

மணி அடித்துவிட்டீர்கள். (பலத்த கைதட்டல்)