திருகோணமலைக் கத்தோலிக்கர் பெயர்களில் இலத்தீன் மரமும் மலரும்

மக்கட்பெயர்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர், பெயரைக் கண்டதும் அதனைத் தாங்கியவரின் குலத்தைத் துணிந்துவிடுவதுண்டு. திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வழங்கும் சில பெயர்கள் அத்துணிபுக்கு இடந்தருவன அல்ல.

பெரேரா என்பது போர்த்துக்கேய மொழியிற் பேரி மரத்தைக் குறிக்கும் சொல்லின் திரிபு. அதன் வேர் 'பிரும்' என்னும் இலத்தீன் பழப்பெயர். சில்வாவோ காட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல். அது சிறிதுந் திரியாமலே நம்மிடம் வந்து சேர்ந்துள்ளது. பேரி மரத்தைக் கண்ணாற் காணாத இக்கரையில் அதன் பெயர் மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தழைத்து வருவது விந்தையே.

போர்த்துக்கேயர் 1620களின் முற்பகுதியிற் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். 1639இல் அக்கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டது. இருபது ஆண்டுகளும் நிரம்பாத அவ்வாட்சி ஒன்றே இப்பெயர்களை ஈண்டு நிலைநிறுத்தியது எனல் பொருந்தாது. மேற்குக் கரையிலே திருமுழுக்கின்போது போர்த்துக்கேயக் குடும்பப் பெயர்களை ஏற்றோர் பலர். அவர்வழி வந்த நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர் பருவந்தோறும் கிழக்குக் கடலுக்கு வருவது நெடுநாள் வழக்கம். வலையோடும் வள்ளத்தோடும் பெயர்களும் வந்தன.

எனினும், எல்லாப் பெயர்களும் ஒலிவடிவிலேயே வந்தன அல்ல. இலத்தீனில் 'ரோசா' என்பது ஒரு மலர். 'ரோசாரியும்' ரோசாத் தோட்டம். இப்பிற்சொல்லே செபமணிக் கோவைக்குப் பெயராயிற்று. போர்த்துக்கேயர் அதனை ரொசாரியோ என மக்கட்கும் இட்டனர். தமிழ்க் கத்தோலிக்கர் ரோசம்மா என ஒலியைத் தழுவியும் பெயரிட்டனர். செபமாலை எனப் பொருளைத் தழுவியும் பெயரிட்டனர். தோட்டம் மாலையாயிற்று, மலர் உதிரவில்லை. மொழிபெயர்த்தவர் யாவராயினும் தமிழறிந்தவர் என்க.

இதே மலர் சிலாவிய மக்களிடமுஞ் சென்றது. போலந்தியரின் ரூஷா, செக்கியரின் ரூஷெனா, குரொவேசியரின் ருஷிட்சா என்னும் பெண்பாற் பெயர்கள் யாவும் ரோசாவின் வழிவந்தனவே. போலந்து மொழியிற் செபமாலையின் பெயரும் ரூஷாவிலிருந்தே பிறந்தது. லோறன்ஸ் என்னும் பெயரையும் ஒப்புநோக்கலாம். அது லௌரெந்தும் என்ற இத்தாலிய ஊரின் பெயரடியாகப் பிறந்தது. அவ்வூருக்கோ லாரல் மரத்தால் அப்பெயர் வாய்த்தது என்பர் பண்டை உரோமர். குரொவேசியரிடம் அது லோவ்ரோ. போலந்தில் வவ்ஷினியெட்ஸ், அங்கு லாரல் மரத்தையும் 'வவ்ஷின்' என்றே வழங்குவர்.

ருஷிட்சா என்பவளை உரோமர் மகள் என எவருங் கருதுவதில்லை. திருகோணமலையிலோ பெரேரா என்றதும் அவர் சிங்களவரா, பறங்கியரா என்ற வினா எழுகின்றது. தமிழரா என்னும் வினா பிந்தியே எழுகின்றது, சிலவேளை எழுவதேயில்லை. இம்மூவரிடையேயும் அப்பெயர் வழங்குகின்றது. ஒரே கோயிலின் திருமுழுக்குப் பதிவேட்டில் மூவரும் அடுத்தடுத்த வரிகளில் இடம்பெறவுங் கூடும்.