ஃபார்மட் பண்ணுமுன் ஒரு நிமிஷம்: 512 பைட்டின் கதை

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பூட் ஆகவில்லையா? உடனே ஃபார்மட் பண்ணி, போட்டோக்களை எல்லாம் இழந்துவிடாதீர்கள்.

1981-ல் வந்த ஐபிஎம் பிசி, பூட் ஃப்ளாப்பி இல்லாவிட்டால் ரோமில் இருந்த பேசிக்கில் போய் நிற்கும். 1983-ல் 10 எம்பி ஹார்ட் டிஸ்க்குடன் பிசி எக்ஸ்டி வந்தது. கூடவே வந்த டாஸ் 2.0-தான் எம்பிஆர் முறையைக் கொண்டுவந்தது. டிஸ்க்கின் முதல் செக்டார், வெறும் 512 பைட்! பூட் செய்யும் குட்டி நிரலும் பார்ட்டிஷன் அட்டவணையும் அதற்குள்தான். பூட் வைரஸ்கள் குறிவைத்ததும் இங்கேதான். இது கெட்டால் கோப்புகள் பத்திரமாக இருந்தாலும் பூட் ஆகாது.

1991-ல் வந்த டாஸ் 5.0-ல் 'எஃப்டிஸ்க் /எம்பிஆர்' என்றொரு கட்டளை, அட்டவணையைத் தொடாமல் நிரலை மட்டும் புதிதாக எழுதியது. மைக்ரோசாஃப்ட் அதைக் கையேட்டில் சொல்லவே இல்லை என்பதுதான் வேடிக்கை :-) பின்னால் விஸ்டாவில் அது 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' ஆனது. யுஇஎஃப்ஐ கணினிகளில் இது பலிக்காது. அங்கே பூட் நிரல் தனிப் பார்ட்டிஷனில் கோப்பாக இருக்கிறது.

எதுவானாலும், முதலில் பயாஸில் டிஸ்க் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.