குடல் ஏறிருச்சா? 5 அடி பெருங்குடல் எங்கே இருக்கு, என்ன செய்யுது? முழு விவரம்

தூத்துக்குடி உள்ளிட்ட தென்மாவட்டங்களில் கைக்குழந்தை விடாமல் வீறிட்டு அழுதால், வீட்டுப் பெரியவர்கள் பலர் முதலில் சொல்வது இதுதான்: "பிள்ளைக்குக் குடல் ஏறிருக்கு". உடனே எண்ணெய் தடவி வயிற்றைத் தட்டிவிடத் தெரிந்த ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள்.

குடல் உண்மையிலேயே ஏறுமா? இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் வயிற்றுக்குள் பெருங்குடல் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு பாகத்துக்கும் குறைவு

கடலின் ஆழத்தை மீனவர்கள் 'பாகம்' கணக்கில் சொல்வார்கள். ஒரு பாகம் என்பது 6 அடி. வளர்ந்த ஒருவரின் பெருங்குடல் சுமார் 5 அடி, அதாவது ஒரு பாகம்கூட வராது. சிறுகுடல் இதைவிடப் பல மடங்கு நீளம். அப்புறம் எதற்கு இது 'பெருங்குடல்'? பெயர் நீளத்தை வைத்து வந்ததல்ல, அகலத்தை வைத்து வந்தது. தொடங்கும் இடத்தில் சுமார் 7 செ.மீ. அகலம் இருக்கும். போகப்போகக் குறுகும்.

வலது இடுப்பெலும்புக்குப் பக்கத்தில், சிறுகுடல் வந்து சேரும் இடத்தில் ஒரு பை மாதிரி தொடங்குகிறது. அதன் பெயர் சீக்கம். அங்கிருந்து வலப்பக்கமாக மேலே ஏறி, கல்லீரலுக்குக் கீழே திரும்பி, வயிற்றின் குறுக்கே இடப்பக்கம் போய், மண்ணீரலுக்குக் கீழே மறுபடி திரும்பி, இடப்பக்கமாகக் கீழே இறங்குகிறது. கடைசியில் ஒரு நெளிவு, பிறகு மலக்குடல், ஆசனவாய். சிறுகுடலைச் சுற்றி வைத்த வாசல் நிலை மாதிரி என்று நினைத்துக்கொள்ளலாம்.

வெளிப்புறத்தில் மூன்று தசைப் பட்டைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. இந்தப் பட்டைகள் குடலைவிட நீளம் குறைவு. நாடாவை இழுத்தால் சுருக்குப் பை சுருங்குவது போல, குடல் முழுக்கக் குமிழ் குமிழாகச் சுருங்கி நிற்பது இதனால்தான்.

சரி, ஏறுமா ஏறாதா?

ஏறு குடலும் இறங்கு குடலும் வயிற்றின் பின்சுவரோடு ஒட்டியவை. அவை சாதாரணமாக இடம் மாறாது. குறுக்கே போகும் பகுதியும் கடைசி நெளிவும் ஒரு மெல்லிய சவ்வில் தொங்குகின்றன. நெளிவுப் பகுதி சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, முறுக்கிக்கொள்வது உண்டு. வயிறு உப்பும், மலமும் காற்றும் போகாது. அது அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை.

குழந்தைகளுக்கு நடப்பது வேறு. பெரும்பாலும் 2 வயதுக்குள், சிறுகுடலின் கடைசிப் பகுதி சீக்கத்துக்குள் சொருகிக்கொள்ளும். தொலைநோக்கியின் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று போவது மாதிரி. குழந்தை காலை மடக்கி வீறிட்டு அழும், சில நிமிடம் அடங்கும், மறுபடி அழும். வாந்தி வரும். பிறகு சளியும் ரத்தமும் கலந்து மலம் போகலாம். 'குடலேத்தம்' என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை சாதாரண வயிற்றுப்போக்கோ வாயுவோதான், தானாகச் சரியாகும். ஆனால் நூற்றில் ஒன்று இந்தச் சொருகலாக இருந்தால்? அங்கே வயிற்றைத் தட்டுவது பிரச்சினையைத் தீர்க்காது, நேரத்தைத்தான் தின்னும். சீக்கிரம் மருத்துவமனைக்குப் போனால், ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்புநீரையோ செலுத்தி அறுவை சிகிச்சை இல்லாமலேயே பலருக்கும் சரிசெய்துவிட முடியும். தாமதமானால் அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகும்.

தண்ணீர்க் கணக்கு

பெருங்குடலின் முக்கிய வேலை தண்ணீரை மீட்பது. சிறுகுடலிலிருந்து தினமும் சுமார் ஒன்றரை லிட்டர் கூழ் மாதிரி வந்து சேரும். அதில் பெரும்பகுதித் தண்ணீரை உடலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, 100 மில்லி போல மட்டும் மலத்தோடு வெளியே விடும். எப்படி? உப்பை வைத்து. குடல்சுவர் முதலில் சோடியத்தை உள்ளே இழுக்கிறது, தண்ணீர் அதன் பின்னாலேயே வருகிறது. உப்பு விளையும் மாவட்டத்துக்காரர்களுக்கு, உப்பு ஈரத்தை இழுக்கும் என்று யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை!

தேவைப்பட்டால் பெருங்குடலால் ஒரு நாளைக்கு நான்கைந்து லிட்டர் வரைகூட உறிஞ்ச முடியும். அதையும் தாண்டினால்தான் பேதி. காலராவில் நடப்பது இதுதான். கிருமி தாக்குவது சிறுகுடலை, பெருங்குடலை அல்ல. ஆனால் கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் பாயும்போது பெருங்குடலால் ஈடுகொடுக்க முடிவதில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், ஆயிரக்கணக்கானோர் கடற்கரையில் கூடும் முகாம்களில் அதிகாரிகள் அதிகம் பயந்த நோய்களில் காலராவும் ஒன்று. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். உப்பு-சர்க்கரைக் கரைசல் உலகெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அவ்ளோதான். உப்பைக் கூட்டிப் போடக் கூடாது.

இதன் மறுபக்கம் மலச்சிக்கல். மலம் உள்ளே எவ்வளவு நேரம் தங்குகிறதோ, அவ்வளவு தண்ணீரைக் குடல் இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பளத்தில் வெயிலில் நின்று வேலை பார்க்கும் பெண்கள், பக்கத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும், வந்ததை அடக்குவதும் பல வருடங்களாகப் பேசப்படும் விஷயம். வியர்வையில் தண்ணீர் போகிறது, குடிப்பது குறைவு, அடக்குவது அதிகம். மூன்றும் சேர்ந்தால் குடலுக்கு வேறு வழியில்லை. நார்ச்சத்து சாப்பிடுங்கள் என்று அறிவுரை சொல்வது சுலபம்தான். களத்துப் பக்கத்தில் ஒரு கழிப்பறை இருந்தால் பாதி மருந்து மிச்சமாகும்.

காலையில் டீ குடித்ததும் வயிறு கூப்பிடுவதும் உடல் அமைப்புதான். இரைப்பையில் ஏதாவது விழுந்தால் பெருங்குடல் அசையத் தொடங்கும். அந்த நேரத்தை அடக்காமல் பயன்படுத்துவது நல்லது.

இடப்பக்க வாயு, வலப்பக்க வால்

மண்ணீரலுக்குக் கீழே உள்ள திருப்பம்தான் பெருங்குடலில் உயரமான இடம். காற்று அங்கே சிக்கினால் இடது நெஞ்சுக்குக் கீழே குத்தும். "கேஸ்தான், சோடா குடி" என்று சொல்வதில் ஆபத்து இருக்கிறது. மாரடைப்பும் அதே மாதிரி வரும். நெஞ்சு இறுக்கம், வியர்வை, தாடை அல்லது கை வலி இருந்தால் முதலில் இசிஜி. வாயுவா இல்லையா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

சீக்கத்தில் தொங்கும் விரல் மாதிரியான குழாய்தான் குடல்வால். வழக்கமாக 6 முதல் 9 செ.மீ. வரை இருக்கும். பலருக்கு இது சீக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இதில் வீக்கம் வந்தால் வலி முதலில் தொப்புளைச் சுற்றி வரும், ஏனென்றால் இரண்டு இடத்து நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. சில மணி நேரத்தில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும். இப்படி இடம் மாறும் வலி, கூடவே காய்ச்சல், பசியின்மை என்றால் ஒத்தடம், பேதி மருந்து, வயிறு தட்டுதல் எதுவும் வேண்டாம். வெடித்துவிட்டால் சீழ் வயிறு முழுக்கப் பரவும்.

எல்லா ரத்தமும் மூலம் இல்லை

மலத்தில் ரத்தம் வந்தால் "சூடு" அல்லது "மூலம்" என்று முடிவு கட்டுவது இங்கே வழக்கம். பெரும்பாலும் அது மூலமாகவோ வெடிப்பாகவோதான் இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயும் இப்படித்தான் தெரியத் தொடங்கும். பெருங்குடல் புற்றுநோய் பலருக்கும் சின்ன சதை வளர்ச்சியாக ஆரம்பித்து, புற்றாக மாறப் பல வருடம் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டத்தில் குழாய்க் கேமராவான கொலோனோஸ்கோப்பியில் பார்த்து, அங்கேயே அறுத்து எடுத்துவிடலாம். அமெரிக்காவில் 45 வயதிலிருந்தே இந்தப் பரிசோதனைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. இந்தியாவில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கு இருப்பது போன்ற அரசுப் பரிசோதனைத் திட்டம் பெருங்குடலுக்கு இல்லை.

அதனால் இங்கே அறிகுறியைக் கவனிப்பதுதான் வழி. மலம் போகும் பழக்கம் திடீரென்று மாறி சில வாரம் நீடிப்பது, காரணமில்லாத ரத்தசோகை, எடை குறைவு, ரத்தம் கலந்த மலம். இதில் எது இருந்தாலும் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மற்ற அரசு மருத்துவமனைகளிலும் புற நோயாளிகள் பிரிவில் அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்க்கலாம். முதல் பரிசோதனை பெரும்பாலும் கையுறை போட்ட ஒரு விரலால், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.